பிச்சாட்டூர்: ஓர் எல்லைப்புறத்தின் நிலமும் மக்களும்

தமிழகத்தின் வடக்கெல்லை எது என்று நம் மாணவர் ஒருவரைக் கேட்டால், வேங்கடம் என்று உடனே விடை கூறுவார். தொல்காப்பியப் பாயிரம் நமக்குத் தந்த விடை அது. ஆனால் இன்றைய எல்லை எந்த ஊரின் பக்கத்தில் ஓடுகிறது, அதற்கப்பால் என்ன விளைகிறது, யார் வாழ்கின்றனர், அவர்கள் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டால் நம்மிற் பலர் சற்றுத் தயங்குவோம். எல்லைக்காகப் போராடிய வரலாற்றை நாம் அறிந்த அளவுக்கு, எல்லையில் உள்ள நாட்டை அறிந்திலோம். அக்குறையைச் சிறிதளவேனும் போக்குதற்காக, அந்நாட்டின் ஒரு சிறு பகுதியாகிய பிச்சாட்டூர் வட்டாரத்தை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம்.

சென்னையிலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலை ஒன்று உண்டு. ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் ஆந்திரப் பிரதேசம் தொடங்குகிறது. முதலில் சுருட்டப்பள்ளி, சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தரும் தலம். அடுத்து நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தம் தாயின் பெயரால் அமைத்ததாகக் கூறப்படும் ஊர். அதற்கும் அப்பால், சென்னைக்கு ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவில் இருப்பது பிச்சாட்டூர். சாலை பின்னர் நாராயணவனம், புத்தூர் வழியாகத் திருப்பதியை அடைகிறது. முறிந்த எலும்பைக் கட்டும் வைத்தியத்துக்குப் பெயர்பெற்ற புத்தூர் இதுவே. 'புத்தூர்க் கட்டு' என்ற சொல்லை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது.

நிலத்தின் அமைப்பு

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் அடிவாரமும் கடற்கரைச் சமவெளியும் சந்திக்கும் இடத்தில் இவ்வட்டாரம் அமைந்துள்ளது. மேற்கே நகரி மலைகள். அவற்றின் ஒரு சிகரம் மூக்குப் போல நீண்டு நிற்பதால் 'நகரி மூக்கு' எனப்படும். ஏறத்தாழ 2,800 அடி உயரமுள்ள இச்சிகரம், முற்காலத்தில் வங்கக் கடலில் செல்லும் மாலுமிகளுக்குத் திசைகாட்டும் குறியாக விளங்கியது. அம்மலையின் கடினமான படிகப் பாறைக்கு நிலவியலார் 'நகரிப் படிகப்பாறை' என்றே பெயரிட்டுள்ளனர். அது நூறு கோடி ஆண்டுக்கும் மூத்தது. கிழக்கே சத்தியவேட்டுப் பக்கம் உள்ள குன்றுகளோ வயதில் மிக இளையவை. ஆற்றுக் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பாறையானவை அவை. ஒரு நாள் நடைத் தூரத்துக்குள் இத்தனை வேறுபாடான பாறைகளைக் காண்பது நிலவியல் மாணவர்க்குப் பெருவாய்ப்பாகும்.

பழைய சித்தூர் மாவட்டத்தைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். மதனப்பள்ளி, புங்கனூர், பலமநேர் ஆகிய மேற்குப் பகுதிகள் மைசூர்ப் பீடபூமியின் தொடர்ச்சி, குளிர்ச்சி மிக்கவை, தென்மேற்குப் பருவக்காற்றை மிகுதியும் நம்புபவை. கிழக்குப் பகுதிகளோ மலைக்குக் கீழே உள்ள வெப்பமான சமவெளி. இங்கே ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே உயிர். பிச்சாட்டூர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே மழையைப் பொறுத்தவரை இவ்வூர் மதனப்பள்ளியைவிடத் திருவள்ளூருக்கே நெருங்கிய உறவு. மழைக்காலத்து வெள்ளமும் கோடையின் வறட்சியும் எல்லையின் இருபுறத்திற்கும் பொதுவானவை.

நெல், கரும்பு, வேர்க்கடலை, மா ஆகியவை முக்கிய விளைபொருள்கள். ஏரி உள்ள இடத்தில் நஞ்சை. இல்லாத இடத்தில் கிணற்றையும் மழையையும் நம்பிய புஞ்சை. நாராயணவனம், புத்தூர், நகரிப் பகுதிகளில் நெசவு பெருந்தொழில். கைத்தறியாகத் தொடங்கிய அது இப்போது பெரும்பாலும் விசைத்தறியாக மாறிவிட்டது.

ஆறும் ஏரியும்

இவ்வட்டாரத்தின் கதையை ஆரணியாறு இன்றிச் சொல்ல இயலாது. நாராயணவனம், கார்வேட்டிநகரம் பக்கத்து மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வழியாகத் தமிழ்நாட்டினுள் நுழைந்து, ஊத்துக்கோட்டையையும் பெரியபாளையத்தையும் கடந்து, பொன்னேரி வட்டத்தின் வழியே பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஆற்றின் நீளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அதில் பாதி ஆந்திரத்திலும் பாதி தமிழ்நாட்டிலும் உள்ளது. இரு மாநிலத்தாரும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்ட ஆறு என்று இதனைச் சொல்லலாம்.

இந்த ஆற்றின் குறுக்கே பிச்சாட்டூரில் 1950-களில் ஓர் அணை கட்டப்பட்டது. ஏட்டில் இது 'ஆரணியாறு திட்டம்'. நம் பக்கத்து மக்கள் வாயில் என்றும் 'பிச்சாட்டூர் ஏரி'. இதன் கொள்ளளவு 1.85 டி.எம்.சி.; அஃதாவது 185 கோடி கன அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் சோழவரம் ஏரியைவிட இது பெரிது; பூண்டி நீர்த்தேக்கத்தில் பாதிக்கும் மேல். ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதனால் பாசனம் பெறுமாறு திட்டமிடப்பட்டது.

கோடையில் இந்த ஏரியைப் பற்றித் திருவள்ளூர் மாவட்டத்தார் நினைப்பதில்லை. கார்த்திகையில் நினைக்காதிருக்க முடியாது. ஏரி நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், அது சில மணி நேரத்தில் ஊத்துக்கோட்டைக்கு வந்துவிடும். அங்கிருந்த தரைப்பாலம் பல மழைக்காலங்களில் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. பின்னரே உயர்மட்டப் பாலம் கட்டப்பட்டது. ஆற்றோரச் சிற்றூர்களில் தண்டோரா போடுவதும், தாழ்வான இடத்தாரை மேட்டுக்கு மாற்றுவதும், பிச்சாட்டூரில் எத்தனை கன அடி திறந்தனர் என்ற ஒரு செய்தியைப் பொறுத்தே நடைபெறுகின்றன. ஒரு மாநிலத்து மதகு திறப்பது மற்றொரு மாநிலத்து உழவனின் நெற்பயிரைத் தீர்மானிக்கிறது. ஆகவே, இரு மாவட்ட அலுவலர்களிடையே உரிய நேரத்தில் செல்லும் ஒரு செய்தி, இங்கே ஒரு கரையைப் போலவே பயனுடையது.

இத்தகைய உறவு ஆரணியாற்றோடு நிற்கவில்லை. பக்கத்துக் கொசத்தலை ஆற்றுக்கும் இதே நிலை. ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையின் உபரிநீர் பள்ளிப்பட்டு வழியாக வந்து பூண்டியைச் சேர்கிறது. அவ்வாற்றில் இரண்டு புதிய நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திர அரசு முனைந்தபோது, சென்னையின் குடிநீர் குறையும் என்று 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் கடிதம் எழுதவேண்டி வந்தது. மறுபுறம், 1983-ல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கண்டலேற்றிலிருந்து கிருஷ்ணா நீர் 152 கிலோமீட்டர் தூரம் ஆந்திரத்தின் வழியே ஓடி ஊத்துக்கோட்டை எல்லையை அடைந்து, மேலும் 25 கிலோமீட்டர் சென்று பூண்டியில் சேர்கிறது. 1996-ல் அந்நீர் முதன்முதல் வந்தது. சென்னையில் நாம் குழாயைத் திறக்கும்போது இந்த எல்லைப்புறத்தையும் சேர்த்தே திறக்கிறோம் என்று கூறின் மிகையாகாது.

எல்லை வந்த வரலாறு

இவ்வளவு நெருங்கிய நிலத்தில் கோடு எப்படி வந்தது? 1911 ஏப்ரல் 1-ல் சித்தூர் மாவட்டம் தோன்றியது. வடஆர்க்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரி, பலமநேர் தாலுகாக்களும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களும், கார்வேட்டிநகரம், காளத்தி, புங்கனூர் ஜமீன் பகுதிகளும் சேர்த்து அது அமைக்கப்பட்டது. அப்போது எல்லாம் ஒரே சென்னை மாகாணம். ஆகவே தமிழ் பேசுவோரையும் தெலுங்கு பேசுவோரையும் ஒரே மாவட்டத்தில் வைப்பதில் ஆட்சியாளர்க்கு இடர்ப்பாடு தோன்றவில்லை.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. அதற்கு முன்னும் பின்னும் ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார், கே. விநாயகம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் நாமனைவரும் அறிந்தது. பின்னர் இரு மாநிலங்களும் எச்.வி. படாஸ்கரை நடுவராக ஏற்றன. அவர் ஒரு தெளிவான முறையைக் கையாண்டார். தாலுகாவை முழுதாகக் கொள்ளாமல் சிற்றூரை அலகாகக் கொள்வது, அவ்வூரில் பெரும்பான்மையோர் மொழி எது என்று பார்ப்பது, நிலம் தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும் என்பது. அவ்வாறு பிரித்து, 1959-ல் நாடாளுமன்றம் சட்டமியற்ற, 1960 ஏப்ரல் 1-ல் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளில் முந்நூறுக்கு மேற்பட்ட ஊர்கள் தமிழகத்துக்கு வந்தன. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களைச் சேர்ந்த சத்தியவேட்டுப் பகுதியும் சில ஊர்களுமாக ஏறத்தாழ நூற்றைம்பது ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன.

அதன்பின்னும் ஆட்சிப் பிரிவுகள் மாறிக்கொண்டே வந்தன. ஆந்திரம் 1985-ல் தாலுகாக்களை நீக்கிச் சிறு சிறு மண்டலங்களை ஏற்படுத்தியது. அவற்றுள் ஒன்று பிச்சாட்டூர் மண்டலம். தமிழ்நாட்டில் வட்டங்கள் நீடிக்கின்றன. ஆதலால் எல்லையின் இருபுறத்து அளவுகளை ஒப்பிடுவோர் ஆந்திர மண்டலத்தையும் தமிழக வட்டத்தையும் ஒன்றென மயங்கலாகாது. 2022 ஏப்ரல் 4-ல் ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆக்கப்பட்டபோது, பிச்சாட்டூர் சித்தூரினின்றும் பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. சட்டமன்றத்துக்கு இது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட சத்தியவேடு தொகுதியில் அடங்கும்.

மக்கள் தொகை

2021-ல் எடுத்திருக்கவேண்டிய கணக்கு எடுக்கப்படாமையால், 2011-ஆம் ஆண்டுக் கணக்கையே நாம் துணைக்கொள்ள வேண்டும். அப்போதைய சித்தூர் மாவட்டம் 15,152 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மக்கள் தொகை 41,74,064. சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 275 பேர். பத்தில் ஏழு பேர் சிற்றூர்களில் வாழ்ந்தனர்.

இப்போது எல்லையைத் தாண்டித் திருவள்ளூர் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே அதே கணக்கின்படி மக்கள் தொகை 37,28,104. ஆனால் பரப்பு சித்தூரில் நான்கிலொரு பங்குக்கும் குறைவு. ஆகவே சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர். நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் நகரவாசிகள். பத்தாண்டில் சித்தூர் நூற்றுக்குப் பதினொன்று வளர, திருவள்ளூர் முப்பத்தைந்து வளர்ந்தது. மண்ணும் மழையும் ஒன்றாயிருக்க, இத்தனை வேறுபாடு ஏன்? ஆவடி, அம்பத்தூர் முதலிய சென்னைப் புறநகர்கள் அக்கணக்கில் திருவள்ளூரைச் சேர்ந்தவை என்பதே காரணம். ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அது ஆவடியைவிடப் பிச்சாட்டூரையே ஒத்திருக்கும். மாவட்ட சராசரி என்பது வெவ்வேறான இரண்டு உலகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்த எண்ணாக இருக்கக்கூடும். மக்கள் தொகைக் கணக்கைப் படிப்போர் இதை மறத்தலாகாது.

பிச்சாட்டூர் வட்டாரம் முழுக்க முழுக்கச் சிற்றூர்களின் நாடு. உழவரும், நிலமற்ற கூலியாளரும், நெசவாளரும், ஏரி குளங்களை அடுத்து வாழும் யானாதிகளும் இங்குள்ளனர். எல்லைக்கு இப்பால் இருளர் எந்த நிலையில் வாழ்கின்றனரோ, அப்பால் யானாதிகள் பெரும்பாலும் அந்நிலையில் வாழ்கின்றனர். சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் 2008-ல் 'ஸ்ரீ சிட்டி' என்னும் தொழில் நகரம் தோன்றிய பின், ஆலை வேலை இளைஞரின் புதிய ஆசையாகிவிட்டது. தொழிற்சாலைப் பேருந்து எல்லையின் இருபுறத்து ஊர்களிலிருந்தும் ஆட்களை ஏற்றிச் செல்கிறது.

மொழிக் கணக்கு

இனி, மிக முக்கியமான செய்திக்கு வருவோம். சித்தூர் மாவட்டத்தில் 2011-ல் பத்தில் எட்டுப் பேர் தெலுங்கைத் தாய்மொழியாகக் குறித்தனர். உருதும் தமிழும் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு. இந்த எண்களைக் கண்டு, இது தெலுங்கு நாடு, அவ்வளவுதான் என்று முடித்துவிடலாமா? தமிழர் மாவட்டம் முழுவதும் சீராகப் பரவியிருக்கவில்லை. குப்பம், சித்தூர், நகரி, சத்தியவேடு முதலிய எல்லையோரங்களிலேயே செறிந்துள்ளனர். ஆகவே மாவட்டக் கணக்கில் சிறிதாகத் தோன்றும் மொழி, ஓர் ஊரில் தெரு முழுதும் பேசும் மொழியாக இருக்கலாம்.

மேலும், இங்குள்ள பலருக்கு இரு மொழியும் இயல்பானவை. வீட்டில் ஒன்று, சந்தையில் மற்றொன்று. ஊர்ப் பெயர்களே இதற்குச் சான்று. தெலுங்கர் 'பாலெம்' என்பது நமது பாளையம். 'கண்ட்ரிகா' நமது கண்டிகை. எல்லையின் இருபுறமும் இப்பெயர்கள் கலந்தே கிடக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. இத்தகைய மக்களிடம் 'உன் தாய்மொழி எது?' என்று கேட்டு ஒரே கட்டத்தில் எழுதச் சொன்னால், எழுதப்படும் விடை உண்மையாயினும் முழு உண்மையாகாது.

இது நம் எல்லைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. பஞ்சாபை நோக்குங்கள். அங்கே 1951-ல் மொழி பற்றிய வழக்கு முற்றியதால், இந்தியையும் பஞ்சாபியையும் தனித்தனியே எண்ணிக் காட்டவே இயலாமற் போயிற்று. 1961-ல் வீட்டில் பஞ்சாபி பேசும் பலர் தாய்மொழி இந்தி என்று எழுதினர் என்பது பெரும் விவாதமாயிற்று. அந்தக் கணக்கை அடிப்படையாகக் கொண்டே ஷா ஆணையம் எல்லை வகுத்து, 1966 நவம்பர் 1-ல் பஞ்சாபும் அரியானாவும் பிரிந்தன. மொழி எண்ணிக்கையால் எல்லை தீரும் என்றால், எண்ணிக்கையே போர்க்களமாகிவிடும். அந்தக் களத்தில் முதலில் தோற்பது இருமொழி பேசும் எளிய மனிதன்.

அவன் தோல்வி எங்கே தெரிகிறது? பள்ளிக்கூடத்தில். எல்லைக்கு அப்பால் வீட்டில் தமிழ் பேசும் சிறுவன் தெலுங்கில் கற்கிறான். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பாட்டி பேசும் மொழியில் ஒரு கடிதம் வந்தால் அடுத்த வீட்டாரைத் தேடவேண்டும். எல்லைக்கு இப்பால், திருத்தணி, பள்ளிப்பட்டு, ஓசூர்ப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கு பேசும் சிறுவனுக்கும் இதே குறை. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்பின் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு கட்டாயமானபோது, சிறுபான்மை மொழி மாணவர் நீதிமன்றம் சென்று விலக்குப் பெறவேண்டி வந்தது. அப்பாலுள்ள தமிழ்ச் சிறுவனுக்காக வருந்தும் நாம், இப்பாலுள்ள தெலுங்குச் சிறுவனை மறந்தால், நம் வருத்தம் நியாயமாகாது.

நம் அரசியலமைப்பில் இதற்கு வழி இல்லாமலில்லை. 1956-ல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுதற்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கிறது. ஆனால் வசதி கேட்பவருக்கே கிடைக்கிறது. கேட்பதற்கு எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கைக்கோ, கணக்கெடுப்பவரிடம் சரியாகச் சொல்லவேண்டும். இவை மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

நாம் செய்யத்தக்கது

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டது என அறிவிக்கப்பட்டுள்ளது. இந்தியக் கணக்கெடுப்பில் தாய்மொழியோடு, ஒருவர் அறிந்த வேறு இரண்டு மொழிகள் வரை குறிக்கும் வழக்கம் உண்டு. பலர் இந்த இரண்டாம் கேள்வியைப் பொருட்படுத்துவதில்லை. எல்லைப்புறத்துக்கு அதுவே உயிரான கேள்வி. எல்லையோரத்து நண்பர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது, வீட்டிலும் தெருவிலும் இதை எடுத்துச் சொல்லலாம். வீட்டில் பேசும் மொழியைத் தாய்மொழியாகவும், சந்தையிலும் பள்ளியிலும் பேசும் மொழியை அறிந்த மொழியாகவும் அச்சமின்றி எழுதச் சொல்லலாம்.

மற்றொன்று, நாம் தெலுங்கு எழுத்தைக் கற்பது. சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் தோன்றி, தென்மொழிகளை ஒருங்கே கற்க வழி செய்துள்ளது. அத்துணைத் தூரம் செல்லவும் தேவையில்லை. இப்பல்கலைக்கழகத்திலேயே, நம் விடுதிகளில் தெலுங்கு மாணவர் பலர் உள்ளனர். வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவருக்கு நாம் தமிழெழுத்தும், நமக்கு அவர் தெலுங்கெழுத்தும் கற்பித்தால், ஒரு பருவத்துக்குள் பேருந்துப் பலகையைப் படித்துவிடலாம். நம் மன்றம் இதனை ஏற்று நடத்தலாம்.

எல்லைகளை வகுத்தவர்கள் தம் காலத்துக்கு இயன்றதைச் செய்தனர். 1960-ல் போட்ட கோடு இன்றும் நிற்கிறது. அதனை அழிக்க யாரும் புறப்படவேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கார்த்திகையிலும் பிச்சாட்டூர் ஏரியின் நீர் அந்தக் கோட்டைக் கடந்தே நம்மிடம் வருகிறது. அந்நீர் வரும் ஊர்களையும், அங்குள்ள மக்களையும், அவர்தம் இரு மொழிகளையும் அறிந்துகொள்வது, எல்லைக்காகப் போராடியோர் நமக்கு விட்டுச்சென்ற பணியில் எஞ்சிய பகுதியாகும்.